எம்எஸ்சி முடிச்சா வார்டை விட்டுப் போயிடணுமா?

நர்சிங்ல எம்எஸ்சி முடிச்சேன்னு சொன்னா போதும், "எந்த காலேஜ்ல டியூட்டரா சேரப்போற?"ன்னுதான் கேக்குறாங்க. சென்னையில ஐசியூலதான் இன்னும் டூட்டி பாக்குறேன்னு சொன்னா, அடப்பாவமேன்னு ஒரு லுக்கு. டியூட்டருக்கு நைட் டூட்டி கெடையாது, அதனால போறவங்கள நான் குறை சொல்லல.

ஆனா படிச்ச படிப்பு எங்க போகுது? எம்எஸ்சிக்கு எழுதுற ஆய்வு, டெசர்டேஷன்ல முக்கால்வாசி தலைப்பு 'ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் ப்ரோக்ராம்'தான். ப்ரீ டெஸ்ட் வைப்போம், நாமளே கிளாஸ் எடுப்போம், அப்புறம் போஸ்ட் டெஸ்ட், மார்க் ஏறியிருக்கும், வித்தியாசம் சிக்னிஃபிகன்ட், அதாவது தற்செயலா வந்ததில்லன்னு எழுதி பைண்ட் பண்ணி லைப்ரரியில வச்சா முடிஞ்சது கதை. சொல்லிக்குடுத்துட்டு கேட்டா மார்க் ஏறாம என்ன பண்ணும்!

வார்டுல நிக்குறவளுக்கு வர்ற கேள்வியே வேற. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பேஷன்ட்ட திருப்பிப் படுக்க வைக்கணும்னு புக்ல இருக்கு, நைட்ல ரெண்டே பேர் இருக்குற வார்டுல அது நடக்குதா, நடக்கலன்னா யாருக்கு மொதல்ல பெட்சோர், படுத்தே கெடந்து வர்ற புண்ணு, வருது? எங்க பிசியோ அக்காவ கேட்டா, வென்டிலேட்டர்ல இருக்குறவங்கள எப்போ எழுப்பி உக்கார வைக்கலாம்னு அவங்ககிட்ட ஒரு மூட்டை கேள்வி இருக்கு. இதெல்லாம் காலேஜ் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்தா தோணாது.

லிண்டா எய்கன்னு ஒரு அமெரிக்க நர்ஸ். 2014ல அவங்க டீம் லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க, ஐரோப்பாவுல 9 நாடு, 4 லட்சத்துக்கு மேல ஆபரேஷன் பேஷன்ட்ஸ். ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷன்ட் கூடினா 30 நாளுக்குள்ள சாவுற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு காட்டினாங்க. நாம போராட்டத்துல தொண்டை கிழிய கத்துறதும் அதேதான், நம்மகிட்ட நம்பர் இல்ல, அவ்ளோதான்.

யூகேல என்ஐஎச்ஆர்னு மருத்துவ ஆராய்ச்சிக்குக் காசு குடுக்குற அரசாங்க அமைப்பு இருக்கு, நர்ஸ், பிசியோ, ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கெல்லாம் ஃபெலோஷிப் குடுக்குது, வார்டு வேலைய விடாமலே ரிசர்ச் பண்ணலாம், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. இங்க 2006லயே நர்சிங் பிஎச்டிக்கு தேசிய அளவுல கன்சார்ஷியம்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாச்சு, ஆனா முடிச்சவங்க நான் பாத்த வரைக்கும் பிரின்சிபால் ரூமுக்குத்தான் போறாங்க.

"ஆளே பத்தல, இதுல ஆராய்ச்சி வேறயா"ன்னு கேப்பாங்க. ஆள் பத்தலைங்கிறத நிரூபிக்கவே அதானே வேணும்? வாரத்துல ஒரு நாள் ரிசர்ச்சுன்னு டூட்டி லிஸ்ட்லயே போடணும், அன்னைக்கு வார்டுக்கு வேற ஆள் குடுக்கணும். ஆஃப் நாள்ல பண்ணிக்கோம்மான்னு சொல்றதா இருந்தா வேண்டாம் சார், அன்னைக்குத்தான் வீட்ல துணி துவைக்கணும்.