பைபிள் குறிப்பா, கல்லறைக் கல்லா?

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு நெசவாளரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவர் பிறந்த ஆண்டு, வீட்டுப் பிறப்புகளை எழுதிவைக்கும் குடும்ப பைபிளில் ஒன்றாகவும் கல்லறைக் கல்லில் மூன்றாண்டு பிந்தியும் இருக்க, கட்டுரையாளர் கல்லில் உள்ளதையே ஏற்கிறார். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கல்லில் பொறிக்கக் கொடுத்தவர்கள் அவருடைய பிள்ளைகள், அவர் பிறந்ததைக் கண்டவர்கள் அல்லர். பைபிளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது அச்சான ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் பாருங்கள். அதற்கு முந்தைய பிறப்புகளெல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், அவை பெரும்பாலும் பின்னாளில் நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. பிரிட்டனின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உறுதியான சான்றாகாது. 15 வயதைக் கடந்தவர்களின் வயதை அதில் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள் என்பதால், 20 என்றிருப்பவருக்கு உண்மையில் 24 வயதும் ஆகியிருக்கலாம்.

ஸ்காட்லாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. இவர் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டாலும், ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனோ தங்கையோ அதன் பின் இறந்திருந்தால், அந்த இறப்புப் பதிவில் பெற்றோரின் பெயரும், பெரும்பாலும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கிடைக்கும். அதே ஊரில் அதே பெயரில் இன்னொரு நெசவாளர் இருந்திருந்தால், இருவரையும் பிரித்தறியத் தாயின் அந்தக் குடும்பப் பெயரே கைகொடுக்கும் என்பதால், பிறந்த ஆண்டை முடிவு செய்வதற்கு முன் கட்டுரையாளர் அந்தப் பதிவைத் தேடிப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.