லைப்ரரி படிப்பில் தகவல் எங்கே?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரே பேச்சுதான்: கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா? நூலக, தகவல் அறிவியல் என்று யாராவது சொன்னால், "புத்தகம் அடுக்கவா ஒரு டிகிரி?" என்று அண்ணாச்சிமார் சிரிப்பார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பல இடங்களில் அந்தப் படிப்பை நடத்துகிற லட்சணமும் அப்படித்தான்.

தொடக்கம் அப்படி இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1929இல் சென்னை நூலகச் சங்கம் வழியாக நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகமே அதை ஏற்றுக்கொண்டது. 1933இல், புத்தகங்களை வகை பிரித்து அடுக்க அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. புத்தகம் எதைப் பற்றியதோ அந்தப் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, தேவைப்படி சேர்ப்பது அதன் அடிப்படை. ஆன்லைன் கடையில் விலை, நிறம், அளவு என்று தட்டித் தட்டி வடிகட்டுகிறோமே, அதே யோசனைதான். பாடம் நடத்தியவரே புதிய முறையையும் கட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

முன்பு நெல்லைக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அதன் வளாகம் இருக்கிற அபிஷேகப்பட்டியிலேயே இந்தத் துறையும் இருக்கிறது. நல்லதுதான்.

ஆனால் பொதுவாகவே, படிப்பின் பெயரில் 'தகவல்' சேர்ந்த வேகத்தில் செய்முறை சேரவில்லை. நூலக வேலைகளை நடத்துகிற கோஹா, டிஜிட்டல் கோப்புகளைச் சேமித்துத் தேடித் தருகிற டிஸ்பேஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள். அவற்றை ஒருமுறைகூட நிறுவிப் பார்க்காமல், பயன்களை மட்டும் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உண்மையான வேலை தமிழில்தான் கிடக்கிறது. நம்ம ஊர் வண்ணதாசனின் கதைகள் அந்தப் பெயரில் இருக்கும். கவிதைகள் கல்யாண்ஜி பெயரில் இருக்கும். இயற்பெயரோ கல்யாணசுந்தரம். மூவரும் ஒருவர்தான் என்று கேட்லாக்கில் இணைத்து வைத்தால்தான் தேடுகிறவருக்கு எல்லாம் கிடைக்கும். புரோகிராம் எழுதுகிற ஐ.டி. பையனுக்கு இது தெரிய வேண்டியதில்லை. தகவல் அறிவியல் படித்தவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அப்புறம் எழுத்துருத் தொல்லை. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளைப் பதிவதற்கு எல்லோருக்கும் பொதுவாக, தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற குறிமுறைகளை அறிவித்தது. 2010இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்த கோப்புகளை இன்றைக்குத் திறந்தால் ஒன்றும் புரியாது, தேடவும் முடியாது.

முதுகலை புராஜெக்டுக்கு இதையெல்லாம் கொடுக்கலாம். 'கல்லூரி மாணவர்களின் நூலகப் பயன்பாடு' என்று கேள்வித்தாள் கொடுத்து, சதவீதம் போட்டு, பைண்டிங் பண்ணியது போதும். நெல்லை எழுத்தாளர்களின் புனைபெயர்களை இணைத்து ஒரு பெயர்ப் பட்டியல், கோயில் கும்பாபிஷேக மலர்களுக்கு ஒரு கேட்லாக், பழைய கல்லூரி ஆண்டு மலர்களை யூனிகோடில் ஏற்றுவது என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு வருகிற பேராசிரியர் அதில் எதையாவது தேடிப் பார்க்கட்டும். கிடைத்தால் மார்க் போடட்டும்.