சம்பங்கிக்குத் தேவை உரமல்ல, இடம்
தொட்டிச் சம்பங்கி இரண்டாம் ஆண்டு பூக்காவிட்டால் உரத்தைக் கூட்டுங்கள் என்று ஒரு தோட்டக் கட்டுரை சொல்வது சரியல்ல. ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றிக் கிளைத்த பக்கக் கிழங்குகள்தான் பூக்க வேண்டும். தொட்டிக்குள் அவை நெருக்கியடித்துக் கிடந்தால் பருமனாகாமல் வெறும் இலையாகவே வரும். தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) கொட்டினால் இலை இன்னும் மண்டும், அவ்வளவுதான். இலை மஞ்சளாகும்போது நீரை நிறுத்தி, தோண்டிப் பிரித்து, ஒரு மாதம் நிழலில் உலர்த்துங்கள். 25 கிராமுக்குக் குறையாத கிழங்குகளைப் பொறுக்கி, 12 அங்குலத் தொட்டிக்கு மூன்று வீதம், நுனி மேலே இருக்க 2 அங்குல ஆழத்தில் நடலாம். பொடிக் கிழங்குகளைத் தனித்தொட்டியில் விட்டுத் தேற்றுங்கள். முளைவிடும்வரை தினமும் நீர் ஊற்றச் சொல்லி அந்தக் கட்டுரையின் கீழ் ஒரு வாசகர் எழுதிய கருத்தைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்: வேரும் இலையும் இல்லாத கிழங்கு ஈரத்திலேயே கிடந்தால் அழுகிவிடும்.