வீட்டில் டிரம்ஸ் பதிவு: கையில் உள்ள பணத்தை முதலில் எதில் போடுவது?

வீட்டிலேயே டிரம்ஸ் பதிவு செய்ய என்னென்ன வாங்க வேண்டும் என்று, வாசிக்கத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளான இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் கையில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருப்பார்கள். ஏழு மைக் அடங்கிய மலிவான பெட்டி ஒன்றையும் ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியை வாங்காதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். திருமண நிகழ்ச்சிகளில் வாசித்துச் சேர்த்த பணம் அது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று என்னிடம் இருந்தது; அதில் இரண்டு மைக் மட்டுமே இணைக்க முடியும் என்று கடையில் சொன்னபோது, யு.எஸ்.பி. வசதியுள்ள மிக்சர் ஒன்றையும் சேர்த்து விற்றார்கள். வீட்டுக்கு வந்து கம்பிகளையெல்லாம் மாட்டிய பிறகுதான், அந்த மிக்சர் ஏழு மைக்குகளின் ஒலியையும் கலந்து இரண்டே தடங்களாகக் கணினிக்கு அனுப்பும் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கைத் தனியாகக் கூட்டவோ, அடியில் கம்பிச்சுருள் கொண்ட ஸ்நேரைத் தனியாகக் குறைக்கவோ வழியில்லை. சிம்பல்கள் என்னும் உலோகத் தட்டுகள் தகரத்தைத் தேய்ப்பது போலக் கேட்டன; கம்பிச்சுருள் இல்லாத மற்ற டிரம்களான டாம்களின் ஒலி அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. எங்கே தவறு என்று புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

முதல் தவறு மைக்கில் இல்லை, டிரம்ஸிலேயே இருந்தது. வாங்கிய நாள் முதல் ஸ்நேரின் தோலை நான் மாற்றவே இல்லை. தோல் என்று பழக்கத்தில் சொன்னாலும் அது மைலார் என்னும் பிளாஸ்டிக் படலம்தான். 1957-இல் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனம் அதைப் பரவலாக்கியது. அடி வாங்கி வாங்கிக் குழிவிழுந்த படலம் எந்த மைக்கின் முன்னும் செத்த ஒலியைத்தான் தரும். மிருதங்கக் கலைஞர் ஒருவர் கச்சேரிக்கு முன் கல்லும் கட்டையுமாக தோலின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டிரம்ஸ் வாசிக்கும் நம்மில் எத்தனை பேர், ஒவ்வொரு திருகாணியின் அருகிலும் ஓர் அங்குலம் உள்ளே விரலால் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்கிறதா என்று பார்க்கிறோம்? ஸ்நேருக்கு ஒற்றைப் படலத் தோல், டாம்களுக்கு இரட்டைப் படலத் தோல், ஒரு டியூனிங் சாவி. முதல் செலவு இதுதான். புதுத் தோலைப் போட்டு அரை நாள் உட்கார்ந்து சுருதி சேர்த்த பிறகு, அதே மலிவு மைக்குகளில் எனக்குக் கிடைத்த ஒலி, அதற்கு முந்தைய ஓராண்டில் நான் கேட்ட எதையும்விட நன்றாக இருந்தது.

அடுத்தது அறை. நம் வீடுகளில் டிரம்ஸுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை; பழைய வீடென்றால் உயரமும் பத்தடி. ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் செல்கிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே அது சுமார் 56 ஹெர்ட்ஸில் தேங்கி முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று முழக்கமும் அதே இடத்தில் வந்து குவியும். கிக்கின் அடித்தொனி இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். இதனால் அறையின் ஒரு மூலையில் கிக் வீங்கிக் கேட்கும், நடுவில் காணாமலே போகும். விலை உயர்ந்த மைக்கை வைத்தாலும் அந்த வீக்கமும் வெறுமையும்தான் பதிவாகும்.

முட்டை அட்டையை ஒட்டினால் சரியாகிவிடும் என்று இன்றும் சொல்லித் தருகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது கீழ்த்தொனியைத் தொடவே தொடாது. பக்கத்து வீட்டுக்குச் செல்லும் ஒலியையும் தடுக்காது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 50 மில்லிமீட்டர் ராக் வூல் என்னும் பாறைப்பஞ்சுப் பலகையை மரச்சட்டத்தில் வைத்துத் துணியால் இறுக மூடி, சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அதுவரை, வீட்டில் இலவம்பஞ்சு மெத்தைகள் இருந்தால் மூலைகளில் சாத்தி வையுங்கள். காதே வேறுபாட்டைச் சொல்லும். இவையெல்லாம் அறைக்குள் கேட்கும் ஒலியைச் செம்மைப்படுத்துமே தவிர, வெளியே செல்வதை நிறுத்தா. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பு வைத்திருக்கின்றன; டிரம்ஸின் அருகிலோ 100 டெசிபலை எளிதில் தாண்டும். ஆகவே அக்கம்பக்கத்தாரிடம் பேசி ஒரு நேரத்தை ஒப்புக்கொள்வதுதான் நமக்குக் கட்டுப்படியாகும் வழி. அடுக்குமாடியில் அதற்கும் இடமில்லையென்றால் எலக்ட்ரானிக் டிரம்ஸுக்குப் போவதில் குறைவு ஒன்றுமில்லை.

இப்போது இன்டர்ஃபேஸ். கையில் உள்ள நூறு ரூபாயில் நாற்பதை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் நான்கு இருக்க வேண்டும், நான்கும் தனித்தனித் தடங்களாகக் கணினிக்குச் செல்ல வேண்டும். பெரிங்கர் யு.எம்.சி. 404 எச்.டி. இதை மலிவாகச் செய்கிறது. நல்ல நிலையில் பழைய ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். அதில் ஏடாட் என்னும் ஒளிவழி உள்ளீடு இருப்பதால், பின்னாளில் பெரிங்கர் ஏ.டி.ஏ. 8200 போன்ற ஒன்றை இணைத்து மேலும் எட்டு மைக்குகளைச் சேர்க்க முடியும். 404-இல் அந்த வழி கிடையாது. பதிவு செய்யும் மென்பொருளுக்கு ரீப்பர் போதும்: 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். 24 பிட்டில் பதிவு செய்யும்போது அளவுமானியை உச்சிக்குத் தள்ள வேண்டிய தேவை இல்லை; மிக வலுவான அடி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் நிம்மதியாக வாசிக்கலாம்.

மைக் நான்கு போதும். ஸ்நேருக்கு ஷூர் எஸ்.எம். 57. 1965 முதல் விற்பனையில் இருக்கும் மைக் இது. டிரம்ஸை விட்டாலும் கிதார் ஆம்ப்ளிஃபையருக்கு, பறைக்கு, தவிலுக்கு என்று காலம் முழுதும் உழைக்கும். சந்தையில் போலிகள் மிக அதிகம் என்பதால், நம்ப முடியாத விலையில் கிடைத்தால் நம்பாதீர்கள். கிக்குக்கு அதற்கென்றே செய்த டைனமிக் மைக் ஒன்று. மேலே தொங்கவிட ஒரே மாதிரியான சிறு கண்டன்சர் மைக் இரண்டு. இவற்றுக்கு இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் மின்சாரத்தைப் போட வேண்டும்.

டாம்களுக்கு மைக் வேண்டாமா என்று கேட்பீர்கள். மேலே உள்ள இரண்டும் சரியான இடத்தில் இருந்தால் டாம்கள் அவற்றிலேயே முழுமையாக விழும். 1968-இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பலின் என்னும் ராக் இசைக்குழுவைப் பதிவுசெய்த ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் வழங்கும் முறையே, சில மைக்குகளை ஸ்நேரிலிருந்து சம தூரத்தில் வைப்பதை அடிப்படையாகக் கொண்டதுதான். தூரம் ஏன் முக்கியம் என்றால், ஒரே அடி இரண்டு மைக்குகளுக்கும் 17 சென்டிமீட்டர் வேறுபாட்டில் போய்ச் சேர்ந்தாலே, இரண்டையும் கலக்கும்போது 1000 ஹெர்ட்ஸ் பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஏழு மைக்கை மனம்போன இடங்களில் வைத்த என் பழைய பதிவு தகரமாய்க் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் செய்வது இதுதான். மேலே தொங்கும் இரண்டில் முதல் மைக் ஸ்நேரின் நடுவிலிருந்து நேர் மேலே இரண்டு குச்சி நீளம், அதாவது 32 அங்குலம். அம்மா பூக்கட்டும் நூலை எடுத்து, ஒரு முனையை ஸ்நேரின் நடுவிலும் மறுமுனையை கிக்கில் மிதியின் சுத்தியல் (பீட்டர்) அடிக்கும் இடத்திலும் ஒட்டுநாடாவால் பொருத்தி, நூலை முதல் மைக்கின் முனைவரை இழுத்து, அது தொடும் இடத்தில் என் தம்பி விரலால் இறுகப் பிடித்துக்கொள்வான். பிடியை விடாமல் அப்படியே என் வலத்தோளுக்கு மேலே கொண்டுவந்து, இரண்டு பக்க நூலும் தொய்வின்றி நிற்கும் இடத்தில் இரண்டாவது மைக்கை வைப்போம். அப்போது ஸ்நேரும் சரி, கிக்கும் சரி, இரண்டு மைக்குகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். பிறகு ரீப்பரில் மோனோவுக்கு, அதாவது எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒற்றை ஒலிக்கு, மாற்றிக் கேட்பேன். ஸ்நேர் மெலிந்தால் மீண்டும் நூலை எடுப்போம்.

முதல் முறை இப்படி வைத்து வாசித்த அன்று, தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடாமலே, தரையில் நிற்கும் பெரிய டாமான ஃப்ளோர் டாம் எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சுட்டிக்காட்ட முடிந்தது. ஐந்தாவது மைக்குக்குப் பணம் சேர்ந்தபோது அதை வாங்கவில்லை. டிரம்ஸுக்கு மேலே உள்ள காங்கிரீட் கூரையில் மாட்ட இன்னும் இரண்டு ராக் வூல் பலகைகள் செய்தேன்.