காய்கறித் தட்டில் ஒரு பூந்தோட்டம்

(பெங்களூரு, மல்லேசுவரம். ஏப்ரல் மாத மாலை. மதுரையிலிருந்து அன்று காலைதான் திரும்பிய பார்வதி மாமியிடம், கீழ்வீட்டுக் கணேசன் மாடிச் சாவியை ஒப்படைக்க வந்திருக்கிறார்.)

கணேசன்: இதோ சாவி, மாமி. பத்து நாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றியதோடு, நீங்கள் சொல்லாமலேயே தொட்டிகளைக் கொஞ்சம் சுத்தமும் செய்து வைத்திருக்கிறேன்.

மாமி: நன்றாயிரு. கையில் என்ன, காலி அட்டைப்பெட்டி?

கணேசன்: நெதர்லாந்திலிருந்து வந்த ஓரியண்டல் லில்லிக் கிழங்குகள், மாமி. 6 கிழங்கு 750 ரூபாய். படத்தைப் பாருங்கள், ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கிறது.

மாமி: அந்தப் படத்துக்குத்தான் 750 ரூபாய். இந்த வகைக்கு 5 டிகிரியை ஒட்டிய குளிர் ஆறேழு வாரமாவது வேண்டும். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறோம் என்று நாம் டிசம்பரில் ஸ்வெட்டரும் குல்லாயுமாகத் திரியலாம். லில்லி அதைக் குளிர் என்றே மதிக்காது. அங்கேயே குளிரூட்டி அனுப்புவதால் முதல் முறை பூத்துவிடும், மறு ஆண்டு வெறும் இலையைக் காட்டி ஏமாற்றும்.

கணேசன்: அது தெரிந்துதான் கிழங்குகளை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

மாமி: பரவாயில்லையே! அங்கே வேறென்ன இருக்கிறது?

கணேசன்: ஒரு டஜன் பாதாமி மாம்பழம்.

மாமி: போயிற்று. பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு, கிழங்குக்குள் உறங்கும் மொட்டையே கெடுத்துவிடும்.

கணேசன்: அப்படியானால் நம் ஊருக்கு எதுதான் ஒத்துவரும்?

மாமி: அமரில்லிஸ் வை. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிட்டால், கோடையில் தானாகவே தண்டை நீட்டும். மே மாதத்துக்கு ஃபுட்பால் லில்லி இருக்கிறது. இவையெல்லாம் லில்லிக் குடும்பமே இல்லை என்று தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். லால்பாக் பக்கத்து நர்சரிக்காரர் லில்லி என்றுதான் விற்கிறார், எனக்கு அது போதும். ஆனால் உன்னைப் போன்ற ஆளுக்கு மழை லில்லிதான் சரி. கோடை மழை ஒன்று பெய்து மூன்று நான்கு நாள் போனால், தொட்டி முழுக்க இளஞ்சிவப்பாக நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னுடையது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இங்கே நல்ல மழையாமே, வா, போய்ப் பார்க்கலாம்.

கணேசன்: (நகராமல்) அதன் இலை எப்படி இருக்கும், மாமி?

மாமி: பார்த்தால் புல் மாதிரிதான்.

கணேசன்: அடியில் சின்ன வெங்காயம் போல...

மாமி: கணேசா!

கணேசன்: களை என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன், மாமி. ஒவ்வொன்றின் அடியிலும் வெங்காயம் இருந்ததால், எறிய மனம் வராமல் வீட்டில் கொடுத்தேன்.

மாமி: அடப்பாவி, அது நஞ்சு! சாம்பாரில் போட்டுவிட்டாளா?

கணேசன்: இல்லை, இல்லை. ஒன்றை உரித்துவிட்டு, வாசனையும் இல்லை, கண்ணும் எரியவில்லை, எந்தக் கடையில் இந்த மட்டச் சரக்கை வாங்கினீர்கள் என்று என்னைத்தான் திட்டினாள்.

மாமி: அந்த மூக்குக்கு நான் வைர மூக்குத்தியே போடுவேன். மீதி எங்கே?

கணேசன்: ஃபிரிட்ஜில்தான், மாமி. மாம்பழத்துக்குப் பக்கத்தில்.

மாமி: உன் வீட்டுச் சாவியை இப்படிக் கொடு.