ரயில் விழுந்தது பாம்பன் பாலத்திலிருந்து அல்ல

டிசம்பர் வந்தால் போதும், இந்த வாட்ஸ்அப் செய்தியும் வந்துவிடும்: “1964 புயலில் பாம்பன் பாலத்திலிருந்து ரயில் கடலில் விழுந்தது. பாலமும் அடியோடு போனது. பழைய பாலம் என்கிறார்களே, அது பிறகு கட்டியது. இந்திரா காந்தி பெயரில் இருப்பதும் அதுதான்.”

ரயில் போனது உண்மை. ஆனால் பாலத்தில் அல்ல. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர், ராமேஸ்வரம் தீவின் மறுகோடியில், தனுஷ்கோடியை நெருங்கும்போது டிசம்பர் 22 நள்ளிரவில் அலையில் சிக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பாலம் 1914-இல் திறந்தது. புயல் அதன் கர்டர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களில்) பெரும்பாலானவற்றைக் கடலில் தள்ளியது. கப்பலுக்கு வழிவிடும் நடுத்தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. பொறியாளர் ஸ்ரீதரன் குழு, விழுந்த கர்டர்களையே கடலிலிருந்து எடுத்து மாட்டி, 46 நாளில் ரயில் ஓட வைத்தது. அப்போது புதுப் பாலம் எதுவும் கட்டவில்லை. தனுஷ்கோடி தண்டவாளத்தைத்தான் யாரும் திரும்பப் போடவில்லை.

அப்புறம் இன்னொன்று: இந்திரா காந்தி பெயர் ரயில் பாலத்துக்கு அல்ல, 1988-இல் திறந்த சாலைப் பாலத்துக்கு. ராமேஸ்வரம் ஆட்டோக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். செய்தியை அனுப்புகிறவர்கள்தான் கேட்பதில்லை.