"நாங்க சீலிங் மட்டும்தான் சார் செஞ்சோம்"

கூரையத் தொடவே இல்லையாம். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையாம். அப்ப புது ஜிப்சம் போர்டுல வரிசையா பூத்திருக்கே துருக்கலர் பொட்டு, அது யார் வச்சது?

சீலிங் போட்டவருக்கு ஃபோன் பண்ணா உடனே பதில்: "ஓடு ஒழுகுது சார், கூரைக்காரரக் கூப்பிடுங்க." கூரைக்காரர் ஏறுவார், ஒரு ஓடும் உடையலன்னு இறங்குவார், "சீலிங் போட்டவரக் கேளுங்க"ம்பார். மழையே இல்லாத குளிர்ல ஒழுகுற கூரை! ஒழுகல்னா மழைக்கு அப்புறம் ஒரு இடத்துல கறை பெருசாகும். விடிகாலைக் குளிர்ல, கூரைப் பலகையத் தாண்டி உள்ள நீட்டிக்கிட்டிருக்கிற ஆணி வரிசைக்கு நேர் கீழ பொட்டுப் பொட்டா வந்தா, அது ஆவி குளிர்ந்து ஆணி நுனியில சொட்டுற தண்ணி. சீலிங் போடறவருக்கு இது தெரியாதா?

"சீலிங் மட்டும்தான்". அந்த "மட்டும்"ல என்னென்ன இருந்துச்சு, எண்ணுவோமா?

பழைய போர்டக் கழட்டி, தடியா இன்சுலேஷன் போட்டு, கூரை விளிம்பு வரைக்கும் தலகாணி உறைக்குள்ள பஞ்சு திணிக்கிற மாதிரி திணிச்சது யாரு? ஆவிய அடிச்சுட்டுப் போற வெளிக்காத்து உள்ள வர்ற வழியே அந்த விளிம்புதான்யா! கைமரங்களுக்கு நடுவுல, இன்சுலேஷனுக்கும் மேல இருக்கிற கூரை ப்ளைவுட்டுக்கும் குறைஞ்சது 25 மி.மீ. இடைவெளி வேணும். அது அடையாம இருக்க தெர்மோகோல்லயோ பிளாஸ்டிக்லயோ ஒரு தடுப்பு வரும், ஸ்டேப்ளர்ல நாலு அடி அடிச்சா முடிஞ்சது. போட மாட்டாங்க. போர்டு மூடினா யாருக்குத் தெரியப்போகுது.

அப்புறம் டவுன்லைட், சீலிங்ல ஓட்டை போட்டுப் பதிக்கிற லைட். 16 லைட், 16 ஓட்டை. சமையல் ஆவி, குளியல் ஆவி எல்லாம் அது வழியா மேல போகும். காத்து கசியாத வகை லைட் கிடைக்குது; சரி, அது வேண்டாம், ஓட்டையச் சுத்தி சீலண்டாவது வச்சாங்களா?

இதுலயே உச்சம் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன். வேலைக்குக் குறுக்க இருக்குன்னு ஆவிய வெளிய கொண்டுபோற குழாய, அதான் டக்ட்ட, கழட்டி, திரும்ப மாட்டாம பரண்லயே, சீலிங்குக்கும் கூரைக்கும் நடு இடத்துலயே, படுக்க வச்சாச்சு. ஃபேன் நல்லா சுத்துது சார். மொத்த ஆவியும் குளிர்ந்த ப்ளைவுட்ல போய் உக்காருது, கரும்பூஞ்சை விளையுது.

சொன்னா அவர் கொடுக்கிற வைத்தியம் இருக்கே: "கூரையில ஒரு மோட்டார் ஃபேன் வச்சுடலாம் சார்." கீழ காத்து வர்ற வழிய அடைச்சுட்டு மேல இழுத்தா, அது எங்கேருந்து இழுக்கும்? அந்த 16 ஓட்டை வழியா வீட்டுக் காத்தத்தான்! நோயவே மருந்துன்னு கொடுக்கிற ஆள்.

பரணுக்கு எவ்வளவு காத்து வழி வேணும்ங்கற கணக்கு ஒண்ணும் பரம ரகசியம் இல்ல. 100 சதுர மீட்டர் சீலிங்னா அதுல 300ல ஒரு பங்கு, சுமார் 3,300 சதுர செ.மீ. திறப்பு, ஏறக்குறைய பாதி விளிம்புல, பாதி முகட்டுல. அந்தச் சமன் இல்லன்னா 150ல ஒரு பங்கு. திறப்புல போடற வலை அடைக்கிற இடத்தக் கழிச்ச அப்புறம்தான் இந்த அளவு.

வீடு கட்டும்போதே காத்து வழி குறைவுன்னா அது அவர் தலையில இல்ல, ஒத்துக்கறேன். ஆனா திறந்து பாத்தவர் அவர், மூடினவரும் அவர். இருந்த வழிய அடைச்சா திறந்து கொடுக்கிறதும் அவர் செலவுதான். ஒப்பந்தத்துல "சீலிங் வேலை"ன்னு ஒத்த வரி போடாதீங்க. விளிம்பு இடைவெளி, தடுப்பு, டக்ட் கூரைக்கு வெளிய முடியணும், மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இடைவெளிக்கும் ஃபோட்டோ, எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. கடைசித் தவணைக்கு முன்னாடி பகல்ல பரண் ஏறி டார்ச்ச அணைச்சுப் பாருங்க. பல வீட்டுல விளிம்போரமா வெளிச்சக் கீத்து தெரியும். முன்னாடி தெரிஞ்ச கீத்து இப்ப இல்லன்னா அடைச்சாச்சுன்னு அர்த்தம்.

ஏறிப் பாக்கலாம்னு போனா? பரணுக்கு ஏறுற வாசலையே போர்டு போட்டு மூடி, பட்டி பாத்து, பெயிண்டும் அடிச்சுட்டாங்க. மூடினது எந்த இடம்னே தெரியாத அளவுக்கு ஃபினிஷிங்! சிரிக்கத்தான் முடியுது.

அதே பெயிண்ட் ஸ்விட்ச் போர்டு மேல ஏன்யா சொட்டுது? மாஸ்கிங் டேப்புன்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையா?